நாற்பது புள்ளி இரண்டு

— செருப்பைக் கழட்டாதக்கா. அப்படியே உள்ள வா.

— வாசல்ல எழுதிப் போட்டிருக்கே. தூசி கூடாது, பவுடர் கூடாது, தலைமுடி வெளிய தெரியக் கூடாதுன்னு.

— அதெல்லாம் போன வாரம் வரைக்கும். இப்ப லாரிக்காரன் சேத்துக் காலோட வந்து போறான். இதே ரூம்ல நான் ஒரு தடவை தும்மினதுக்கு மெமோ வாங்கியிருக்கேன்.

— இது என்ன கீழ, கால் ஒட்டுது?

— ஒட்டுப்பாய். காலுல இருக்கற தூசியைப் பிடிச்சுக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மேல் தாளை உரிச்சுப் போடணும். இனிமே யாரு உரிக்கறது. தாண்டி வா. அந்த மரப்பெட்டி மேல உக்காரு, ஆணி நீட்டிட்டிருக்கும், பார்த்து. என்ன இந்த நேரத்துல? ஆபீஸ் இல்லையா?

— லீவு போட்டிருக்கேன்.

— நீயா? அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவே அரை நாள்தானே போட்ட.

— குத்திக் காட்டாதடா.

— குத்தல. அதிசயப்பட்டேன். அந்த டேப்பை இப்படித் தள்ளு.

— இதுதானா அது?

— எது?

— மானியத்துல வாங்கின மெஷின். ஏழு வருஷமா கோப்புல பார்த்துட்டிருக்கேன். பெரிசா இருக்கும்னு நினைச்சேன். வீட்டு பீரோ அளவுதான் இருக்கு.

— பீரோவா. இது ஒண்ணோட விலைக்கு நம்ம தெருவையே வாங்கிப் போட்டுடலாம். முடியை நூறாக் கிழிச்சா ஒரு இழை வரும் பாரு, அதைவிட மெலிசா கம்ப்யூட்டர் சில்லு மேல கோடு போடும். இப்ப என்னன்னா நான் அதுக்குப் போர்வை சுத்திட்டிருக்கேன். சாய்க்காம தூக்கணும், குலுக்காம வைக்கணும். பிரசவத்துக்கு அனுப்பற மாதிரி அனுப்பறோம்.

— ஏழு வருஷம் முடிஞ்சு எத்தனை நாளாச்சு?

— உனக்குத் தெரியாததா. மானியத்துல வாங்கின சாமான் ஏழு வருஷம் ஊரை விட்டு நகரக் கூடாது. ஏழாவது வருஷம் திங்கட்கிழமையோட முடிஞ்சுது. செவ்வாய்க்கிழமை காலையில லாரி வாசல்ல நிக்குது. டிரைவர் முதல் நாளே வந்து பக்கத்துல தூங்கியிருக்கான்.

— தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். அந்த டேப்பைக் கீழ வை.

— கை வேலை செய்யட்டும், காது கேட்கட்டும். சொல்லு.

— இல்ல. கீழ வை.

— வச்சுட்டேன். என்னக்கா? உடம்புக்கு ஏதாவது?

— உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நம்ம ஊரை மஞ்சள் ஆக்கினது நான்.

— என்னது?

— புது மானிய வரைபடத்துல. மலைக்கு அந்தப் பக்கம் சிவப்பு, அங்க புதுசாத் தொழிற்சாலை வச்சா பாதிப் பணம் அரசாங்கம் போடும். இந்தப் பக்கம் மஞ்சள், பத்துல ஒரு பங்குதான் போடும். அந்த மஞ்சளைப் போட்டது நான்.

— நீ எங்கக்கா போட்ட. அரசாங்கம் போட்டுது.

— அரசாங்கம்னா யாருடா? யாரோ ஒருத்தர் நாற்காலியில உக்காந்துதானே எண்ணணும். பதினாலு ஊருக்கு அந்த ஒருத்தர் நான். அந்தப் பதினாலுல நம்ம ஊரும் இருந்துச்சு.

— நீ அந்தப் பிரிவுன்னு தெரியும். நம்ம ஊரே உன் மேஜைக்கு வந்துச்சுன்னு சொல்லலியே.

— சொல்லக் கூடாதுடா. சொன்னா வேலை போயிடும். நீயும் கேட்டதில்ல.

— நான் எதுக்குக் கேட்கணும். சரி, வந்துச்சு. எண்ணின. அதுக்கு நீ என்ன பண்ணுவ, எண்ணினது எண்ணினதுதானே.

— அதைத்தான் சொல்ல வந்தேன். முழுசாக் கேளு, நடுவுல பேசாத. வேலை செய்யற வயசுல இருக்கறவங்க நூறு பேர்ல எத்தனை பேருக்கு நிலையான வேலை இருக்குன்னு பார்ப்போம். நாப்பதுக்குக் கீழ வந்தா சிவப்பு. நாப்பது தொட்டுட்டா மஞ்சள். மலைக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு வந்துச்சு. நம்ம ஊருக்கு நாப்பது புள்ளி இரண்டு.

— புள்ளி இரண்டுக்கா இந்த லாரி?

— புள்ளி இரண்டுக்குத்தான்.

— நல்லா இருக்கு. மலைக்கு அந்தப் பக்கத்துக்காரனுக்கும் நமக்கும் நூத்துக்கு ரெண்டு பேர்தான் வித்தியாசம், அதுக்கு அவனுக்குப் பாதி விருந்து, நமக்கு இலை எடுக்கற வேலை.

— அந்தப் புள்ளி இரண்டுகூட சரியான கணக்கு இல்லடா. இங்க பதினொரு மாச ஆளுங்க இருக்காங்க இல்ல?

— அறுபத்தி நாலு பேர். பதினொரு மாசம் வேலை, ஒரு வாரம் வீட்டுல, அப்புறம் திரும்பப் பதினொரு மாசம். அந்த ஒரு வார லிஸ்ட் போடறதே நான்தானே.

— விதியில என்ன இருக்குன்னா, ஒரு வருஷம் விட்டுப்போகாம வேலை பார்த்திருந்தாத்தான் நிலையான வேலை. சந்தேகமா இருந்தா எண்ணற அதிகாரி முடிவு பண்ணிக்கலாம். மத்த பதிமூணு ஊர்லயும் இந்த மாதிரி ஆளுங்களை நான் எண்ணல. வெளிய விட்டேன். அதுதான் வழக்கம், எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. நம்ம ஊருக்கு வந்தப்ப, அறுபத்தி நாலு பேரையும் சேர்த்து எண்ணிட்டேன்.

— எண்ணாம விட்டிருந்தா?

— முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது. சிவப்பு.

— நீ முழுசாக் கேளுன்ன. கேட்டுட்டிருக்கேன். ஏன் எண்ணின?

— நம்ம ஊர்ங்கறதால.

— புரியற மாதிரி சொல்லு.

— பக்கத்து மேஜையில ஒருத்தர் இருக்கார். கண்ணாடியை நெத்தியில ஏத்தி வச்சுட்டு நாள் பூரா கண்ணாடியைத் தேடுவார், அவர்தான். கோப்பு வந்த அன்னைக்கு எட்டிப் பார்த்துட்டு, ஆஹா, மேடத்தோட ஊரு வந்திருக்கு, தம்பி வேற அங்க மேற்பார்வையாளர், பார்த்துப் போடுங்கன்னார். சும்மா சிரிச்சுட்டுத்தான் சொன்னார். ரூம்ல நாலு பேரும் சிரிச்சாங்க. எனக்கு மூஞ்சி சூடாயிடுச்சு.

— அதுக்கு?

— அதுக்குத்தான். அந்த நாலு பேர்ல ஒருத்தர்கூட நாளைக்கு என் மேல விரல் நீட்டக் கூடாதுன்னு. ஆறு வருஷமா ஒரே நாற்காலியில ஒரே மெஷின்ல வேலை பார்க்கறவங்க எப்படி நிலையில்லாத ஆளாவாங்கன்னு ஒரு காரணம் எழுதினேன். நல்ல காரணம்தான், பொய் இல்ல. ஆனா மத்த பதிமூணு ஊருக்கும் அந்தக் காரணம் எனக்கு ஏன் தோணல? அஞ்சு நிமிஷம்கூட யோசிக்கலடா. எழுதி முடிச்சதும் மனசு நிறைஞ்சு இருந்துச்சு பாரு, அதுதான் கொடுமை. சொந்த ஊர்னுகூடப் பார்க்காத ஆள் நான்னு ஒரு மிதப்பு. அன்னைக்கு பஸ்ல முதுகு நிமிர்த்தி உக்காந்துட்டு வந்தேன்.

— யாரும் கவனிச்சாங்களா?

— மேலதிகாரி கவனிச்சார். என் பேர்ல பாரபட்சம் இல்லாதவர்னு எழுதி வச்சார். பதவி உயர்வு வந்தது அதுலதான்.

— நீ எங்க எல்லாருக்கும் ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டு வந்தியே, அதுவா?

— அதுதான்.

— நான்கூட நாலு தின்னேன். சரி விடுக்கா. சொல்லிட்ட இல்ல, பாரம் குறைஞ்சுதா? வீட்டுக்குப் போ. எனக்கு இன்னும் ரெண்டு பெட்டி இருக்கு.

— இன்னும் முடியல. இதைப் படி.

— என்ன இது?

— புது வரைபடத்துக்கு ஆட்சேபம் கொடுக்க இன்னைக்கு அஞ்சு மணி கடைசி. ஊர்க்காரங்க மனு கொடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். வெறும் மனுவைத் தூக்கிப் போட்டுடுவாங்க. எண்ணின அதிகாரியே நான் ஒரு ஊருக்கு மட்டும் வேற அளவுகோல் வச்சேன்னு எழுதிக் கொடுத்தா தூக்கிப் போட முடியாது. மறுகணக்கு எடுத்தே ஆகணும்.

— கையெழுத்தெல்லாம் போட்டு வச்சிருக்க.

— போட்டுட்டுத்தான் வந்தேன். உன்கிட்ட சொல்லாமக் கொடுக்க வேணாம்னு.

— கிழிச்சுப் போடு.

— என்னடா?

— கிழிச்சுப் போடுக்கா. நான் சும்மா சொல்லல. இதைக் கொடுத்தா உன் வேலை போகும். பென்ஷன் போகும். இன்னும் எத்தனை வருஷம் இருக்கு உனக்கு, ஒன்பதா? மாமாவுக்கு வர சம்பளத்துல கரண்ட் பில் கட்டினா மீதி சில்லறைதான். பிள்ளை படிச்சுட்டிருக்கான்.

— தெரியும்.

— தெரிஞ்சே கிணத்துல குதிப்பியா?

— ஏற்கெனவே ஊரைத் தள்ளி விட்டுட்டேனேடா.

— இந்த மாதிரி பேசாத. உனக்கு வராது. யாரோ வராங்க, லெட்டரை உள்ள வை.

— என்ன சூப்பர்வைசரே, மெஷினுக்குப் போர்வை போத்தியாச்சா? பாவம், குளுரும்.

— வா லென்ஸம்மா. இது எங்க அக்கா. அக்கா, இவங்க சோதனைப் பிரிவு. மைக்ராஸ்கோப்புல கண்ணை வச்சா சாப்பாட்டு மணிக்குத்தான் எடுப்பாங்க. பதினெட்டு வயசுப் பிள்ளைங்க விடற கீறலை இவங்க பிடிப்பாங்க.

— வணக்கம்மா. உங்க தம்பி வாயால என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை வருதுன்னா ஏதோ விஷயம் இருக்கு. அப்பனே, இந்தா பேனா. மனுவுல எல்லாரும் போட்டாச்சு, வாட்ச்மேன்கூடப் போட்டாரு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— நான் அப்புறம் போடறேன்.

— எப்ப அப்புறம்? நாலரைக்கு வண்டி கிளம்புது. அஞ்சு மணிக்கு கவுண்டர் மூடிடுவான். முந்தாநாளும் அப்புறம்ன, நேத்தும் அப்புறம்ன. எங்க அப்புறம்னா, மலைக்கு அப்புறமா? அங்க உனக்கு வீடு குடுக்கறாங்களாமே, ரெண்டு பெட்ரூமாம்.

— யாரு சொன்னா?

— சுவரு சொல்லுச்சு. அம்மா, நீங்களே சொல்லுங்க. நேத்து டைரக்டர் எங்க எல்லாரையும் கேன்டீன்ல நிக்க வச்சுப் பேசினாரு. மனசு கனக்குதுன்னாரு. நாமெல்லாம் ஒரே குடும்பம்னாரு. சரி, குடும்பத்துல யாரு யாரு அங்க வரலாம்னு கேட்டேன். யாரு வேணா வரலாம், பஸ் மட்டும் உங்க செலவுன்னாரு. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். இங்கயும் சிவப்பா இருந்திருந்தா போவீங்களான்னு கேட்டேன். இங்கயே பாதி கிடைச்சா எனக்கு என்ன பைத்தியமா, நாளைக்கே பெட்டியைப் பிரிக்கச் சொல்வேன்னாரு. அப்ப நீங்களும் ஆட்சேபம் போடுங்களேன்னேன். வாட்சைப் பார்த்துட்டு நேரமில்லைன்னு போயிட்டாரு.

— நீங்க போக முடியாதாம்மா, அங்க?

— எங்கம்மா போறது. வீட்டுக்காரரு படுக்கையில. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். டீ பிரேக்ல ஓடிப் போய்ப் புரட்டிட்டு ஓடி வருவேன். போக வர பதினோரு நிமிஷம். டீ குடிச்சு ஆறு வருஷமாச்சு. இந்த மெஷின் மலையைத் தாண்டிப் போகுது, சரி. அவரை யாரு புரட்டறது? ஆபீஸ்ல உக்காந்து எண்ணினாங்களே ஒரு மகராசி, அவங்க வந்து புரட்டுவாங்களா?

— மகராசின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பொம்பளைதான்னு கேள்வி. ஆம்பளைன்னா தப்பா எண்ணியிருப்பான், இவங்க அக்கறையா எண்ணியிருக்காங்க.

— லென்ஸம்மா, நீ கீழ போ. நான் வரேன்.

— இரு அப்பனே, பேசிட்டிருக்கோம்ல.

— நான்தான்மா எண்ணினது.

— என்னம்மா?

— அக்கா, வேணாம்.

— நான்தான். அந்த மகராசி. பதினொரு மாச ஆளுங்களைச் சேர்க்காம எண்ணியிருக்கணும். மத்த ஊர்லயெல்லாம் அப்படித்தான் எண்ணினேன். இங்க மட்டும் சேர்த்துட்டேன். நிலையான வேலைன்னு.

— இருங்க, இருங்க. நானும் பதினொரு மாச ஆளுதான்.

— அப்ப உங்க பேரும் அந்த லிஸ்ட்டுல இருந்திருக்கும்.

— என்னை நிரந்தரம்னு எண்ணினீங்களா?

— ஆமா.

— ஆறு வருஷமா நிரந்தரம் பண்ணுங்க, நிரந்தரம் பண்ணுங்கன்னு உங்க தம்பிகிட்ட கேட்டுட்டே இருக்கேன். மேல சொல்றேம்பான். மேல கேட்டா பார்க்கலாம்பாங்க. கம்பெனி பண்ணாததை நீங்க பண்ணிட்டீங்க. எங்கேயோ ஒரு காகிதத்துல நான் நிரந்தரம் ஆயிருக்கேன், எனக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா அவருக்காவது சொல்லியிருப்பேன், சந்தோஷப்பட்டிருப்பாரு.

— சிரிக்காதீங்கம்மா.

— சிரிக்காம? எதுக்குப் பண்ணினீங்க?

— சொந்த ஊருக்குச் சலுகை காட்டிட்டாள்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு.

— ஓ. அப்ப யாரும் சொல்லல.

— இல்ல. சொல்லல.

— உங்க நேர்மையை நாங்க சுமந்திருக்கோம். சரி. கையில என்ன, பையை இறுக்கிப் பிடிச்சுட்டிருக்கீங்க?

— இதையெல்லாம் எழுதியிருக்கேன். மனுவோட சேர்த்துக் கொடுக்கலாம்னு.

— கொடுத்தா உங்க வேலை போயிடுமா?

— போகலாம். விசாரணை வைப்பாங்க. அனேகமாப் போகும்.

— அப்ப கொடுங்க.

— லென்ஸம்மா, கொஞ்சம் மனசாட்சியோட பேசு. எங்க அக்கா வேலை போகும்னு சொல்றாங்க, நீ டீ கொடுங்கற மாதிரி கொடுங்கங்கற.

— வேற எப்படிச் சொல்றது அப்பனே? ஐயோ வேணாம்மான்னு நான் கையைப் பிடிக்கணுமா? எனக்கு வேணும். அதான் கேட்டேன். அம்மா, நாலரைக்கு வண்டி. ஹாரன் அடிப்பாங்க. முன் சீட்டு உங்களுக்கு வச்சிருக்கச் சொல்றேன். சூப்பர்வைசரே, பேனா இங்கயே இருக்கு.

— போயிட்டாங்க.

— போகட்டும். என்னக்கா நீ, வாயை வச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டியா? இன்னும் பத்து நிமிஷத்துல கேன்டீன் பூரா தெரிஞ்சிடும்.

— தெரியட்டும். தெரியணும்னுதான் வந்தேன்.

— பழி ஏத்துக்கறதுலயும் ஒரு மிதப்பு இருக்குக்கா. அன்னைக்கு பஸ்ல வந்தது. இன்னைக்கு இங்க வருது.

— இருக்கலாம். நானும் யோசிச்சேன். ஆனா அந்த அம்மாவுக்கு என் மிதப்பு எந்த ரகம்னு பார்க்க நேரமில்ல. அவங்களுக்கு மெஷின் இங்க இருக்கணும், அவ்வளவுதான். நீ ஏன் கையெழுத்துப் போடல?

— போடறேன்னேன்.

— மூணு நாளா.

— மேற்பார்வையாளர் போட்டா கம்பெனிக்கு எதிரா போட்ட மாதிரி இருக்கும்.

— கம்பெனிக்கு எதிரா எங்கடா இருக்கு மனுவுல? அரசாங்கத்துக்குத்தானே எதிரா இருக்கு. கம்பெனிக்கு லாபம்தான். டைரக்டரே பெட்டியைப் பிரிப்பேன்னு சொல்லியிருக்கார்.

— அவரு மேடையில ஆயிரம் சொல்வாரு.

— அந்த வீட்டுக்காகவா?

— என்ன வீடு?

— ரெண்டு பெட்ரூம்.

— ஆமா. அதுக்காகத்தான்னு வச்சுக்கோ.

— வச்சுக்க மாட்டேன். நீ அந்த மாதிரி ஆள் இல்ல. சின்ன வயசுல ஒரு மிட்டாயைக் கடிச்சு ரெண்டாக்கி, பெரிய பாதியை எனக்குக் கொடுத்த ஆள். இந்த மரப்பெட்டிங்களைக்கூட நீ எப்படிச் சுத்தறேன்னு பார்த்துட்டுத்தானே இருக்கேன். போறதுக்கு ஆசைப்படறவன் கை இப்படி இருக்காது.

— ஆளை எடை போடாதக்கா. போன தடவை ஊரை எடை போட்டதோட போதும்.

— சரி, வாங்கிக்கறேன். இன்னும் சொல்லு.

— ஐயோ, நான் அதுக்குச் சொல்லல. உக்காரு. உக்காரு முதல்ல. ஒண்ணு பண்ணு, ஒரு மாசம் கழிச்சுக் கொடு. அடுத்த வரைபடம் அஞ்சு வருஷத்துல வருமில்ல, அப்ப சரி பண்ணிடு. யாருக்கும் தெரியாமலே சிவப்பாயிடும்.

— அஞ்சு வருஷத்துக்கு அந்த அம்மா வீட்டுக்காரரை யாருடா புரட்டறது?

— பேரைப் போடாம ஒரு கடிதம் அனுப்பு. மொட்டைக் கடிதம்.

— தினம் முப்பது வருது. நான்தான் கிழிச்சுப் போடுவேன்.

— சரி, உன் வேலை? பிள்ளை? மாமா?

— மாமாகிட்ட காலையில சொன்னேன். புடவையை இஸ்திரி போட்டுத் தந்தார், இதைக் கட்டிட்டுப் போன்னு. அதுக்கு மேல நான் கேட்கல. நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற? தண்ணி குடி.

— பெட்டி தூக்கினது.

— ஒரு மணி நேரமா நீ எதையும் தூக்கல.

— அக்கா, நான் ஒண்ணு கேட்கறேன், பொறுமையாச் சொல்லு. உன் லெட்டரைக் கொடுத்தா என்ன பண்ணுவாங்க? அந்த அறுபத்தி நாலைக் கழிச்சுட்டு முப்பத்தொன்பது புள்ளி ஒன்பதுன்னு மாத்திடுவாங்க, அவ்வளவுதானே? கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது.

— அப்படி முடியாது.

— ஏன் முடியாது? நீதான் சொன்னியே, அறுபத்தி நாலுன்னு.

— ஒரு தடவை எண்ணிக்கையில தப்புன்னு ஒத்துக்கிட்டா பழைய எண்ணிக்கை எதையும் தொடக் கூடாது. விதி அப்படி. முதல்லேர்ந்து எண்ணணும். வேற மாவட்டத்துலேர்ந்து ஆள் வருவாங்க.

— வந்து? நாங்க கொடுத்த லிஸ்ட்டைத்தானே பார்ப்பாங்க. நிரந்தரம் முன்னூத்திப் பத்துன்னு வருஷா வருஷம் போகுதே, அதை.

— அதை நான் பார்த்தேன். முதல் எண்ணிக்கையில கம்பெனி கொடுக்கற லிஸ்ட்டை அப்படியே எடுத்துக்கலாம். மறுகணக்குல அது செல்லாது. ஒவ்வொரு பேராக் கூப்பிட்டு, ஆளை எதிர்ல நிறுத்தி, அடையாள அட்டையையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் எண்ணுவாங்க. லீவுல இருந்தா வீட்டுக்கே போவாங்க.

— ஒவ்வொரு பேராவா?

— ஒவ்வொரு பேரா. ஏன், நல்லதுதானே. அப்ப யாரும் என்னை மாதிரி மேஜையில உக்காந்து ஒரு ஊரோட தலையெழுத்தை முடிவு பண்ண முடியாது. ஹாரன் கேட்குது. நான் கிளம்பறேன். பையை விடு.

— அஞ்சு நிமிஷம் உக்காருக்கா.

— பையை விடுடா. அவங்க காத்துட்டிருக்காங்க.

— ஏழு வருஷத்துக்கு முன்னாடி இந்த மெஷினுக்கு மானியம் எப்படிக் கிடைச்சுதுன்னு உனக்குத் தெரியுமா?

— தெரியும். முன்னூறு பேருக்கு நிரந்தர வேலை கொடுக்கணும்னு நிபந்தனை. அதுக்கு மேல பத்து பேர் காட்டியிருந்தாங்க. நல்லா நினைவிருக்கு. நீ மேற்பார்வையாளர் ஆனதும் அந்த மாசம்தான். இப்ப எதுக்கு அது? என்னைப் பாரு. தம்பி, என்னை ஏன்டா பார்க்க மாட்டேங்கற?

— அந்த லிஸ்ட்டுல கடைசித் தொண்ணூறு பேரை நான் எங்கேருந்துக்கா கூட்டிட்டு வந்து அவங்க எதிர்ல நிறுத்துவேன், பேரெல்லாம் நானே இந்த ரூம்ல உக்காந்து யோசிச்சு யோசிச்சு எழுதினது.